வால்வு இல்லாத எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது?

1985இல் இந்தியச் சாலைகளுக்கு வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியின் எஞ்சின் வெறும் 98 சிசி. அது தந்த திறன் 11 குதிரைத்திறன். அதே காலத்தில் சென்னையில் தயாராகிக்கொண்டிருந்த புல்லட்டின் எஞ்சின் 346 சிசி. அதன் திறன் 18. மூன்றரை மடங்கு பெரிய எஞ்சின், இரண்டு மடங்கு திறனைக்கூடத் தரவில்லை. புல்லட் நிதானமாகச் சுற்றும் எஞ்சின், அதன் இழுவையே வேறு ரகம், இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. சரி, அதே 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100ஐ எடுத்துக்கொள்வோம். எஞ்சின் அளவு 97 சிசி, கிட்டத்தட்ட ஆர்எக்ஸ் அளவேதான். திறன் ஏழு குதிரையை ஒட்டி இருந்தது. அப்படியானால் ஆர்எக்ஸில் கூடுதலாக இருந்த நான்கு குதிரை எங்கிருந்து வந்தது?

இன்னொரு புதிரும் உண்டு. பழைய ஆர்எக்ஸ் ஒன்றை வாங்கியதும் பலர் முதலில் செய்வது சைலன்சரை வெட்டுவது. அடைப்பு இல்லாமல் புகை வெளியே போனால் வண்டி இன்னும் சீறும் என்பது நம்பிக்கை. சத்தம் தெருவையே எழுப்புகிறது. வண்டியோ முன்பைவிட மந்தமாகிவிடுகிறது. வழி திறந்த பிறகு ஏன் வேகம் குறைய வேண்டும்?

இரண்டு புதிர்களுக்கும் விடை ஒன்றே. முப்பது நாற்பது வருடம் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை மீட்டெடுக்கும் வேலையும் அந்த விடையைச் சுற்றியே நடக்கிறது.

ஒரு சுற்று, ஒரு வெடி

எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழுமாகப் போய் வருகிறது. ஒரு திசையில் அது போகும் ஒரு ஓட்டத்தை ‘வீச்சு’ என்று சொல்வோம். புல்லட்டும் சிடி 100ம் நால்வீச்சு எஞ்சின்கள். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உறிஞ்ச ஒரு வீச்சு, அழுத்த ஒன்று, வெடித்துத் தள்ள ஒன்று, எரிந்த புகையை வெளியேற்ற ஒன்று. நான்கு வீச்சு முடிவதற்குள் கிராங்க் இரண்டு முறை சுற்றிவிடும். ஆக, இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி.

டூ ஸ்ட்ரோக்கில் எல்லா வேலையும் இரண்டே வீச்சில் முடிகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி. அப்படியானால் ஏழு குதிரை பதினான்கு ஆகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை, பதினொன்றில் நின்றது. காணாமல் போன அந்த மூன்று குதிரைக்குக் கடைசியில் வருவோம்.

நால்வீச்சு எஞ்சினில் கலவை உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியே போக ஒரு வால்வு, அவற்றைத் திறந்து மூடக் கேம் என்று ஒரு பரிவாரமே உண்டு. ஆர்எக்ஸின் ஹெட்டைக் கழற்றிப் பாருங்கள். ஒரு ஸ்பார்க் பிளக்கும் அதற்கான ஓட்டையும்தான். வால்வுக்குப் பதிலாக சிலிண்டர் சுவரிலேயே துளைகள் வெட்டியிருப்பார்கள். மெக்கானிக்குகள் அவற்றைப் ‘போர்ட்’ என்பார்கள். பிஸ்டன் கீழே இறங்கும்போது போர்ட் திறக்கும், மேலே ஏறும்போது மூடும். எரிந்த புகை வெளியேறுவதும் புதுக் கலவை நுழைவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், பிஸ்டன் அடியில் இருக்கும் சில மில்லி விநாடிகளுக்குள் நடக்கின்றன. இரண்டு வாசலும் ஒன்றாகத் திறந்திருக்கும்போது எது உள்ளே வரும், எது வெளியே போகும் என்பதை யார் முடிவு செய்வது? காற்றின் அழுத்தம் மட்டுமே.

பிஸ்டனுக்கு அடியில் ஒரு துருத்தி

புதுக் கலவையை சிலிண்டருக்குள் தள்ள ஒரு அழுத்தம் வேண்டும். அதற்குத் தனியாகப் பம்பு எதையும் வைக்காமல், பிஸ்டனின் அடிப்பக்கத்தையே பம்பாக்கலாம் என்று கண்டவர் ஜோசப் டே. இங்கிலாந்தின் பாத் நகரத்தைச் சேர்ந்த இந்தப் பொறியாளர் 1891இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார்.

பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் தலைக்கு மேலே கலவை அழுத்தப்படுகிறது. அதே நேரத்தில் கீழே, கிராங்க் சுற்றும் அறையில் வெற்றிடம் உண்டாகிறது. கார்ப்ரேட்டர் வழியாக அடுத்த சுற்றுக்கான கலவை அந்த அறைக்குள் நுழைகிறது. ஆர்எக்ஸில் அந்த நுழைவாயிலில் மெல்லிய தகட்டு நாக்குகள் உண்டு. ரீடு வால்வு என்பது இவைதான். உள்ளே போக விடும், திரும்பி வர விடாது. வெடித்து பிஸ்டன் இறங்கும்போது கீழறையில் இருக்கும் கலவை அழுந்துகிறது. பக்கவாட்டு போர்ட்டுகள் திறந்ததும் பீறிட்டு மேலே ஏறிப் பழைய புகையைத் தள்ளிக்கொண்டு சிலிண்டரை நிரப்புகிறது.

பெட்ரோலில் ஏன் ஆயில் கலக்கிறோம் என்பதற்கும் இங்கேதான் பதில். கீழறை கலவை போகும் வழியாகிவிட்டதால் அங்கே ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. பேரிங்குகளுக்கும் பிஸ்டனுக்கும் வேண்டிய இந்த ‘2டி’ ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து வந்து, வேலை முடித்து, எரிந்து போக வேண்டும். டிவிஎஸ் 50, யெஸ்டி போன்ற வண்டிகளில் அதை டாங்கிலேயே கலந்தோம். ஆர்எக்ஸில் ஆயிலுக்குத் தனி டாங்கும் ஒரு சிறு பம்பும் உண்டு. ஆக்சிலேட்டரைத் திருகத் திருகப் பம்பும் அதிகமாகக் கொடுக்கும்.

கிராங்க் அறை ஒரு துருத்தி என்று புரிந்துவிட்டால், பழைய வண்டியில் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும். துருத்தியில் ஓட்டை இருக்கிறதா?

ஷெட்டில் கிடந்த வண்டி

பல வருடம் கிடந்த வண்டியில் எல்லாமே ஒரே வேகத்தில் கெடுவதில்லை. சிலிண்டர் இரும்பு பொறுமையானது. பிஸ்டன் ஒட்டிக்கொண்டு எஞ்சின் ஜாம் ஆகியிருந்தால் பிளக் ஓட்டை வழியாக ஆயிலோ டீசலோ ஊற்றி, நாள் கணக்கில் ஊறவிட்டால் பெரும்பாலும் இளகிவிடும். அவசரப்பட்டுக் கிக்கர் மேல் ஏறி நிற்பவர்கள்தான் கியரை உடைக்கிறார்கள். கார்ப்ரேட்டரில் பழைய பெட்ரோல் வற்றிப் பிசினாகி ஜெட்டை அடைத்திருக்கும். அதைக் கரைத்து ஊதி எடுக்க வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும், அதன் பிறகு பெட்ரோல் அளவு என்றும் சரிப்படாது.

உண்மையில் கெட்டுப்போவது ரப்பர். கிராங்கின் இரு முனைகளிலும் சுற்றும் தண்டுக்கும் அலுமினிய உறைக்கும் நடுவே ஒரு ஆயில் சீல் இருக்கிறது. வண்டி நிற்க நிற்க அதன் உதடு காய்ந்து விறைத்துவிடும். இந்த வட்டத் துண்டு போனால் வரும் கோளாறு சீல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஆர்எக்ஸின் வலப்பக்கம் கிளட்ச். அந்தப் பக்க சீல் போனால் எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடிக்கும். பின்னால் வெள்ளைப் புகை மண்டும், கியர் ஆயில் அளவு இறங்கிக்கொண்டே போகும். இது தெரியாமல் ‘2டி ஆயில் அதிகமாகப் போகிறது’ என்று பம்பைக் குறைத்து வைப்பவர்கள் உண்டு. இடப்பக்கம் மேக்னெட். அந்தப் பக்க சீல் போனால் வெறும் காற்று நுழையும். பெட்ரோலும் ஆயிலும் இல்லாத காற்று. கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்காமல் நிற்கும். கார்ப்ரேட்டரை எத்தனை முறை திருகினாலும் சரியாகாது. அப்படியே ஓட்டினால் ஒரு நாள் நெடுஞ்சாலையில் பிஸ்டன் பிடித்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க அருமையான வழி ஒன்று உண்டு. கார்ப்ரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்துவிட்டு, உள்ளே லேசாகக் காற்றடித்து, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பது. தேவைப்படும் அழுத்தம் 0.4 பார் அளவுதான். மருத்துவர்களின் பழைய ரத்த அழுத்தக் கருவியில் 300 என்ற எல்லைக் கோடு காட்டுவதும் இதே அழுத்தம். அதன் உருண்டைப் பம்பையும் முள் காட்டும் மீட்டரையும் வைத்தே சோதித்துவிடலாம். சில நிமிடங்கள் முள் அசையாமல் நின்றால் துருத்தி நலம். இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தடவி, குமிழி எங்கே வருகிறது என்று பாருங்கள். பெயிண்ட், குரோம், ஸ்டிக்கர் எல்லாம் இதற்குப் பிறகுதான் என்பது என் உறுதியான கருத்து. பளபளக்கும் டாங்கோடு காற்றுக் கசியும் எஞ்சினை விற்பதற்கு மீட்டெடுத்தல் என்று பெயர் சொல்லக் கூடாது.

ரப்பரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். அதோடு அந்த எரிபொருளின் எடையில் ஏறத்தாழ 7 சதவீதம் ஆக்சிஜன். அதாவது கலவை தானாகவே சற்று மெலிந்துவிடுகிறது. 1980களின் பெட்ரோலுக்கு அளந்து வைத்த ஜெட்டை இன்று ஒரு படி பெரிதாக்க வேண்டியிருக்கலாம். குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

எட்டு மில்லி விநாடிக் கணக்கு

இனி சைலன்சர். ஆர்எக்ஸ் தன் உச்சத் திறனைத் தருவது நிமிடத்துக்கு 7500 சுற்றில். 60 விநாடியை 7500ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடி. புகை வெளியேறும் போர்ட் ஏறத்தாழ அரைச் சுற்று திறந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 4 மில்லி விநாடி.

போர்ட் திறந்த கணத்தில் எரிந்த புகை குழாய்க்குள் பீறிடுகிறது. புகையே பின்முனையைச் சென்றடைய நேரமாகும். ஆனால் அந்தப் பீறலின் அதிர்ச்சி ஒரு அழுத்த அலையாக முந்திக்கொண்டு ஓடும். அது ஒலியின் வேகத்தில் போகிறது. சாதாரணக் காற்றில் ஒலி விநாடிக்கு சுமார் 345 மீட்டர் போகும். சைலன்சருக்குள் இருக்கும் சூடான வாயுவில் சுமார் 500 மீட்டர்.

டூ ஸ்ட்ரோக் சைலன்சர் நேரான குழாய் அல்ல. முதலில் ஒல்லியாகத் தொடங்கி, கூம்பாக விரிந்து, வயிறு பருத்து, கடைசியில் மறுபடி குறுகும். ஓடும் அலை விரியும் இடத்தை அடைந்ததும் அதன் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாக மாறித் திரும்புகிறது. அது சிலிண்டரை எட்டும்போது மிச்சமிருக்கும் புகையை இழுக்கிறது. கூடவே கீழறையிலிருந்து புதுக் கலவையையும் இழுத்து வருகிறது. எவ்வளவு வலுவாக இழுக்கிறது என்றால், புதுக் கலவையில் கொஞ்சம் போர்ட்டைத் தாண்டிக் குழாய்க்குள்ளேயே போய்விடுகிறது. அது அப்படியே போய்விட்டால் நஷ்டம்.

அதற்குள் அலையின் மறுபகுதி குறுகும் கூம்பில் மோதி, தள்ளும் அலையாகத் திரும்பி வருகிறது. போர்ட் மூடுவதற்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தால், வெளியே போன கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே திணித்துவிடும். பிஸ்டன் ஏறிப் போர்ட்டை மூடிவிடும். இங்கே வெளியேற்றும் வால்வின் வேலையைச் செய்வது இந்த அலைதான்.

அலை போய்த் திரும்ப இருக்கும் நேரம் 4 மில்லி விநாடி, வேகம் விநாடிக்கு 500 மீட்டர். போகவர 2 மீட்டர், ஒரு வழிக்கு 1 மீட்டர். போர்ட் மூடுவதற்குள் வந்தாக வேண்டும் என்பதால் போர்ட்டிலிருந்து அந்தக் கடைசிக் கூம்பு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு டேப்பை எடுத்து எந்தப் பழைய 100 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டியின் சைலன்சரையும் அளந்து பாருங்கள். அதன் நீளம் இந்தக் கணக்கிலிருந்து வந்தது.

இதே கணக்கை 3000 சுற்றுக்குப் போடுவோம். ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி, போர்ட் திறந்திருப்பது 10 மில்லி விநாடி. குழாய் மாறவில்லை, அதனால் அலை அதே 4 மில்லி விநாடியில் திரும்பிவிடும். அதாவது நேரம் கெட்ட நேரத்தில் வந்து, நிரம்பிக்கொண்டிருக்கும் சிலிண்டருக்குள் புகையைத் தள்ளிக் குழப்பும். டூ ஸ்ட்ரோக் வண்டி குறைந்த வேகத்தில் சோம்பலாக இருந்துவிட்டு, ஒரு கட்டம் தாண்டியதும் திடீரென்று பிய்த்துக்கொண்டு போவதன் காரணம் இதுதான். அலையும் பிஸ்டனும் அங்கே கைகோக்கின்றன.

வெட்டிய சைலன்சரில் அந்தக் கூம்பே இல்லை. தள்ளும் அலை இல்லை. புதுக் கலவை வந்த வழியே காற்றில் கலக்கிறது.

ச்சோப்பாவ் நகரத்து வால்டர் காடன்

இந்த அலையை அடக்கி ஆண்டவர் வால்டர் காடன். கிழக்கு ஜெர்மனியின் ச்சோப்பாவ் என்ற சிற்றூரில் எம்இசட் நிறுவனத்தின் பந்தயப் பிரிவை நடத்தினார். பணத்துக்குத் தட்டுப்பாடு, நல்ல உலோகத்துக்கும் தட்டுப்பாடு. ஆனால் ஆசிலோஸ்கோப் திரையில் அழுத்த அலையைப் பார்த்துப் பார்த்துக் குழாயின் வடிவத்தைச் செதுக்கினார். 1961இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறனை எட்டியது. லிட்டருக்கு 200 குதிரைத்திறன். காற்றை வலிந்து திணிக்கும் சூப்பர்சார்ஜர் எதுவும் இல்லாமல் எந்த எஞ்சினும் அதுவரை அந்த அளவைத் தொட்டதில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயத்துக்குப் போன எம்இசட் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாடு திரும்பவில்லை. அவருடைய குடும்பத்தார் கார் டிக்கியில் ஒளிந்து எல்லையைக் கடந்தார்கள். டெக்னர் ஜப்பானின் சுசுகியில் சேர்ந்தார், காடனின் நுட்பமும் அவரோடு போய்ச் சேர்ந்தது. மறு ஆண்டே, 1962இல், சுசுகி வண்டியில் 50 சிசி உலகப் பட்டத்தை அவர் வென்றார். அதன் பிறகு ஜப்பானிய டூ ஸ்ட்ரோக்குகளை நிறுத்த ஆளில்லை. யமஹாவுக்கும் இந்த ஊரோடு ஒரு உறவு உண்டு. 1955இல் வந்த அதன் முதல் வண்டி ஒய்ஏ 1, இதே ச்சோப்பாவில் டிகேடபிள்யூ நிறுவனம் செய்த ஆர்டி 125ஐப் பார்த்துச் செய்தது. நம் தெருக்களில் ஓடிய ஆர்எக்ஸின் மூதாதை அங்கேதான் பிறந்தது. காடன் 1996இல் இறந்தார். ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு நின்றதும் அந்த ஆண்டில்தான்.

கரி எடுத்தல்

எரிந்த ஆயில் சைலன்சருக்குள் கரியாகப் படியும். படியப் படியக் கூம்பின் வடிவம் மாறும், வால்குழாய் அடையும், எஞ்சின் மூச்சுத் திணறும். எஞ்சினை முழுக்கப் பிரித்து வேலை செய்துவிட்டு, பழைய சைலன்சரை அப்படியே மாட்டினால் உழைப்பு வீண். நெருப்பில் சுட்டுத் தட்டி எடுப்பது பழைய முறை. காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊற வைப்பது இன்னொன்று. கையுறை, கண்ணாடி இல்லாமல் அதைத் தொடாதீர்கள். கரைசலில் இரும்பை மட்டும் போடலாம். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும், பிஸ்டனோ ஹெட்டோ பக்கத்தில்கூட வரக் கூடாது.

ஓட்டிப் பார்த்தல்

போர் போட்டு, புதுப் பிஸ்டன் ஏற்றிய வண்டியில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் நூறில் நான்கைந்து பங்கு. தலைமுடியின் தடிமன்கூட இல்லை. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஆகவே முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முறுக்கக் கூடாது, ஒரே வேகத்தில் நீண்ட நேரம் இழுக்கவும் கூடாது. நீண்ட நாள் நின்ற வண்டியின் ஆயில் பம்புக் குழாயில் காற்று தங்கியிருக்கும். அதை வெளியேற்றியாக வேண்டும். முதல் டாங்க் பெட்ரோலில் ஆயிலைக் கலந்தும் ஊற்றிவிடுவது பாதுகாப்பு.

ஸ்டார்ட் ஆனதும் காதைக் கொடுங்கள். நின்ற நிலையில் ‘டிங்... டிங்... டிடிங்’ என்று தாளம் தப்பி ஒலித்தால் பயப்படாதீர்கள். ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது உள்ளே வரும் கலவை குறைவு, பழைய புகை அதிகம். சில சுற்றுகளில் தீ பற்றாது, அடுத்த சுற்றில் சேர்த்து வெடிக்கும். டூ ஸ்ட்ரோக்கின் இயல்பே இதுதான். ஆக்சிலேட்டரைத் திறந்ததும் அந்தத் தப்புத்தாளம் மறைந்து ஒரே இழையாக வேண்டும். மறையவில்லை என்றால் பெட்ரோல் கூடுதல். நேர்மாறாக, நின்ற நிலையில் ரேஸ் தானாக ஏறினால் வண்டியை உடனே நிறுத்துங்கள். காற்று எங்கோ கசிகிறது.

சைலன்சர் நன்றாகச் சூடான பிறகே இழுவையைத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். குளிர்ந்த வாயுவில் ஒலி மெதுவாகப் போகும் என்பதால் அலை தாமதமாக வரும், வண்டி மந்தமாகத்தான் தெரியும். ரன்னிங் இன் முடிந்தபின், ஆளில்லாத நேர்ச்சாலையில் நல்ல வேகத்தில் போய், சட்டென்று கிளட்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்தி ஓரமாக ஒதுங்கிப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறம் என்றால் கலவை சரி. ஈரக் கருப்பு என்றால் பெட்ரோலோ ஆயிலோ கூடுதல். வெள்ளை வெளேரென்று இருந்தால் கலவை மெலிந்திருக்கிறது, அப்படியே ஓட்டினால் பிஸ்டன் போய்விடும். கருப்பைப் பார்த்துப் பதறுபவர்களே அதிகம். பதற வேண்டியது வெள்ளையைப் பார்த்துத்தான்.

ஓட்டும்போது ஒரு விரல் எப்போதும் கிளட்ச் மேல் இருக்கட்டும். பிஸ்டன் பிடிக்கப் போவதற்கு முன் எஞ்சின் ஓசை இறுகும், யாரோ பின்னால் இழுப்பதுபோல் வேகம் தளரும். அந்தக் கணமே கிளட்சைப் பிடித்துவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாது. பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடும் வண்டிகளுக்கு மலை இறக்கம் தனி ஆபத்து. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆக்சிலேட்டரை மூடியபடியே கியரில் இறங்கினால், பெட்ரோல் வராதபோது ஆயிலும் வராது, எஞ்சின் மட்டும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இடையிடையே ஒரு முறுக்கு கொடுத்து ஆயிலை வரவழைக்க வேண்டும்.

காணாமல் போன மூன்று குதிரை

அலை எவ்வளவு சாமர்த்தியமாக வேலை செய்தாலும் அது ஒரு குறுகிய வேக எல்லைக்குள்தான் நடக்கும். மற்ற நேரமெல்லாம் புதுக் கலவையில் ஏறத்தாழ கால் பங்கு, சில சமயம் அதற்கும் மேல், எரியாமலே போர்ட் வழியாக வெளியேறிவிடும். உச்சத் திறனில்கூட இந்த இழப்பு முழுமையாக நிற்பதில்லை. சிலிண்டரில் தங்கிவிடும் பழைய புகையும் புதுக் கலவையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மூன்று குதிரை போன வழி இது. டூ ஸ்ட்ரோக் வண்டியின் பின்னால் வரும் அந்த வாசனை எரியாத பெட்ரோலும் பாதி எரிந்த ஆயிலும் கலந்தது. 1990களின் நடுவில் தொடங்கி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, கார்ப்ரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் பைக்குகள் சந்தையிலிருந்து வெளியேறின. அது நியாயமான முடிவு. ஒரு நகரமே தினமும் இந்த எஞ்சின்களில் ஓடக் கூடாது.

மிச்சமிருக்கும் வண்டிகளை நன்றாக வைத்துக்கொள்வது வேறு விஷயம். வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: பெயிண்டுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் கிராங்க் சீல்களை மாற்றுங்கள், நல்ல 2டி ஆயில் ஊற்றுங்கள், கம்பெனி சைலன்சர் கையில் இருந்தால் அதை வெட்டாதீர்கள்.